கர்த்தருடைய பங்கும் அடியாருடைய திருப்தியும்: சைவ தூஷண பரிகாரத்தை முன்னிட்டு ஒரு விவிலிய ஆராய்ச்சி

கிறிஸ்தவ மிஷனரிமார் சைவத்தின்மேற் சாட்டிய குற்றங்களை மறுத்து 1854ஆம் ஆண்டில் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தைப் பற்றி எழுதியோர், ஏனைய விஷயங்களில் எவ்வளவு மாறுபட்ட போதிலும், ஒன்றில் மட்டும் ஒருமித்து நிற்கின்றனர். அதன் ஆசிரியராகிய யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் அந்நூலில் விவிலியத்தைக் கையாண்டது, எதிரியின் பிரமாணத்தைக் கொண்டே எதிரியின் வாயை அடைத்த வாத தந்திரமேயன்றி, அப்பிரமாணத்தின் பொருளை உள்ளபடி உணர்ந்து செய்த வியாக்கியானம் ஆகாது என்பது அவர்கள் துணிபு. யாழ்ப்பாணத்துப் புரொட்டஸ்தாந்து சபைகளின் பிரசங்க மரபை ஆராய்ந்தோரோ, விவிலியத்தில் வரும் அப்பம், கொழுமை, விருந்து, பானம் என்னும் இவற்றையெல்லாம் வெறுஞ் சாயல்களாகக் கொண்டு, ஆத்துமா தேவனிடத்தில் அடையும் திருப்தி இன்னதென்று விளங்கிவிட்ட பின்னர் உணவுக்கு அவ்விடத்தில் வேலையில்லை என்று தீர்த்துவிடுகின்றனர். இவ்விரு துணிபுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. உணவு வெறுஞ் சாயலானால், நைவேத்தியத்துக்குச் சார்பாக லேவியராகமத்தை எடுத்துக் காட்டிய நாவலர் வேத பொருளை அறியாது எழுத்தைப் பிடித்துக்கொண்டவராவார். நாவலர் அத்தகையவரே என்று ஒப்புக்கொண்டால், உணவு வெறுஞ் சாயலே என்பதை மறுக்க ஒருவரும் எஞ்சியிரார். இரண்டையும் ஒருங்கே ஐயுறுதற்கு இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் நாவலர் பேதுரு பெர்சிவல் பாதிரியாரோடிருந்து உழைத்த வரலாறு யாவரும் அறிந்ததாதலின் அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அவ்வுழைப்பின் ஒரு விளைவு மாத்திரம் நமக்கு வேண்டும். 1850இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பில் பல ஆண்டு ஈடுபட்ட ஒருவர், சங்கீதங்களையும் சுவிசேஷங்களையும் மாத்திரம் விரும்பி வாசிக்கும் சாதாரண கிறிஸ்தவரைப் போலன்றி, பலிகளின் அளவும், மாவின் வகையும், இன்ன பாகம் இன்னாருக்கு என்னும் பங்கீடும் நிறைந்த லேவியராகமத்தையும் கண்ணூன்றிப் பார்த்திருத்தல் வேண்டும். சைவ தூஷண பரிகாரம் காட்டும் வேதாகம அறிவு வியக்கத்தக்கதென்று வெஸ்லியன் சபையின் மிஷனரி ஒருவரே ஒப்புக்கொண்டு, யெகோவாவின் பூர்வ ஜனங்களுடைய சடங்குகள் சைவக் கிரியைகளோடு நெருங்கிய ஒப்புமையுடையன என்று அது சாதுரியமாக நாட்ட முயல்வதாகக் குறை கூறினார். எதிர்க்கட்சியில் நிற்பவன் குறையாகச் சொல்லும் ஒப்புமையை நாம் புறக்கணிப்பதற்கு முன்னர், அது உண்மையில் எவ்வளவு ஆழஞ் செல்லுகின்றது என்று பார்த்தல் முறை.

மிஷனரிமார் நைவேத்தியத்தின்மேற் சாட்டிய குற்றம் எளியது: கடவுளுக்குப் பசியில்லை, பசியில்லாதவர் முன் சோறு படைத்தல் பேதைமை. இதற்கு அவர்கள் ஐம்பதாஞ் சங்கீதத்தையே ஆதாரமாக்கலாம். எருதுகளின் மாம்சத்தைத் தாம் புசிப்பதில்லை என்று தேவன் அங்கே தம் ஜனத்தைக் கடிந்துகொள்ளுகிறார். ஆனால் அதே வேதத்தில், ஓய்வுநாள்தோறும் பன்னிரண்டு சமுகத்தப்பங்கள் பசும்பொன் மேசையின்மேல் இரண்டு அடுக்காக வைக்கப்பட வேண்டும் என்ற விதியும், எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்ந்த மெல்லிய மாவைப் போஜனபலியாகக் கொண்டுவர வேண்டும் என்ற விதியும், பலியின் தகனத்தைத் தேவனுடைய போஜனம் என்றே சொல்லும் வழக்கும் உள்ளன. யெகோவாவுக்கும் பசியில்லை, ஆயினும் அவர் முன்னே மேசையுண்டு. இந்த இரண்டையும் ஒரே வேதம் ஏன் கூறுகிறது என்னும் கேள்வியே நாவலர் வழியாகத் தோன்றும் மெய்யான கேள்வி. அவையெல்லாம் வரப்போகிறவற்றின் நிழல்களென்றும், கிறிஸ்துவினிடத்தில் நிறைவேறி ஒழிந்தனவென்றும் எபிரெயர் நிருபத்தைக் கொண்டு மறுமொழி சொல்லப்பட்டது. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அம்மறுமொழியோடு வழக்கு முடிந்ததென எண்ணினர். நிழல் என்று சொல்லிவிட்டால் அந்நிழலின் வடிவத்தை ஆராய வேண்டுவதில்லை என்ற சோம்பல் இதிற் சிறிது கலந்திருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

வடிவத்தை ஆராய்வதற்கு அறுபத்துமூன்றாஞ் சங்கீதத்தின் ஐந்தாம் வசனமே தக்க இடம். தேவனிடத்தில் ஆத்துமா திருப்தியடைதலைக் கூறும் வசனங்களுள் இதைப்போலப் பிரசங்கங்களுக்குப் பயன்பட்டது அரிது. பெரும்பாலும் தவறாகப் பயன்பட்டது என்றும் கூறலாம். வறண்ட நிலத்தில் தாகத்தால் தவிக்கும் ஒருவன், தன் ஆத்துமா நிணமும் கொழுப்புமாகிய உணவால் நிறைவது போல நிறையும் என்கிறான். பொதுவாகச் சொல்லப்படும் உரை இது: கொழுப்பு செல்வர் வீட்டு விருந்தின் அடையாளம்; செல்வர் விருந்தில் உடல் எப்படி மகிழுமோ அப்படியே தேவனிடத்தில் ஆத்துமா மகிழும். இவ்வுரையிற் பிழையொன்றும் வெளிப்படையாகத் தோன்றாது. ஆனால் இதனைச் சொன்னவன் எந்த நியாயப்பிரமாணத்துக்கு உட்பட்டவனோ அந்தப் பிரமாணத்தை அருகில் வைத்து வாசிக்கும்போது, உரை முழுதும் ஆட்டங்காண்கிறது.

லேவியராகமத்தின் மூன்றாம் ஏழாம் அதிகாரங்கள் சமாதானபலியின் பங்கீட்டை வகுக்கின்றன. மிருகத்தின் குடல்களை மூடிய கொழுப்பும், இரண்டு சிறுநீரகங்களும் அவற்றின்மேலுள்ள கொழுப்பும், கல்லீரலைச் சார்ந்த சவ்வும் பலிபீடத்தில் தகனிக்கப்பட வேண்டியவை. அவை கர்த்தருடைய பங்கு. மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியருடைய பங்கு. எஞ்சிய மாம்சத்தைப் பலி கொண்டுவந்தவனும் அவன் வீட்டாரும் உண்பர். ஸ்தோத்திர பலியானால் அன்றைக்கே உண்டு தீர்த்தல் வேண்டும், பொருத்தனைப் பலியானால் மறுநாளும் உண்ணலாம், மூன்றாம் நாளில் எஞ்சியது நெருப்புக்கு இரை. பலியிலே ஆராதிக்கிறவனும் உண்பது இந்த ஒரு வகையில் மாத்திரமே. தேவ சந்நிதியில் உண்டு களிகூரும்படி உபாகமம் கட்டளையிடுவதும் இவ்வகைப் பந்தியையே மனத்திற்கொண்டு என்று கருதலாம். இதனிடையே ஒரு விதி மிகக் கடுமையாக நிற்கிறது: பலிக்குரிய மிருகத்தின் கொழுப்பை எந்த இஸ்ரவேலனும் உண்ணலாகாது, உண்டால் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான்.

ஆகவே சங்கீதக்காரன், தான் ஒரு நாளும் நாவில் வைக்கத் தகாததென்று பிரமாணம் விலக்கிய அதே பொருளால், தேவனுக்கென்றே ஒதுக்கப்பட்டுப் புகையாய் மேலேறும் பங்கால், தன் ஆத்துமா நிறையும் என்கிறான். அவ்வாறு கொண்டால், செல்வர் வீட்டு விருந்து இங்கே பேச்சிலில்லை. பலிபீடத்தின்மேல் தேவன் தமக்காக வைத்துக்கொண்ட பங்கு உண்பவனிடத்துக்குத் திரும்பி வருகிறது. இரண்டாம் வசனம் பரிசுத்த ஸ்தலத்தில் தேவ வல்லமையைக் கண்ட நினைவைக் கூறுவதால், இவ்வாசிப்பு சங்கீதத்துக்குள்ளேயே ஆதாரமுடையது. எரேமியா முப்பத்தொன்றாம் அதிகாரத்தில் ஆசாரியரின் ஆத்துமாவைக் கொழுமையால் நிரப்புவேன் என்னும் வாக்குத்தத்தமும், முப்பத்தாறாஞ் சங்கீதத்தில் தேவனுடைய வீட்டின் கொழுமையைப் பற்றிய கூற்றும், வெவ்வேறு அளவில் இதனோடு ஒத்து நடக்கின்றன.

இதற்கு ஆட்சேபம் உண்டு, அது இலேசானதுமன்று. எபிரெயக் கவிகள் கொழுப்பு என்பதைச் சிறந்தது என்னும் பொருளில் வரையறையின்றி ஆள்வர். கோதுமையின் கொழுமை, நிலத்தின் கொழுமை, எண்ணெயிற் சிறந்த பாகம் என்பவற்றில் பலிபீடத்துக்கு இடமே இல்லை. மோசேயின் பாட்டு ஆட்டுக்குட்டிகளின் கொழுப்பையும் தேவன் ஜனத்துக்குக் கொடுத்த உணவுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. இவ்வழக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆதலால் என் வாசிப்பே ஏற்கத்தக்கது, மற்றது தள்ளத்தக்கது என்று நாட்டுதல் இயலாது. ஆனால் பொது வழக்கு ஒரு சொல்லுக்கு இருந்தால், அச்சொல் தன் சிறப்பு வழக்கை நினைப்பூட்டும் சூழலில் வரும்போதும் அதை இழந்துவிடும் என்பது நியாயமாகாது. பரிசுத்த ஸ்தலமும், உயர்த்திய கைகளும், துதிக்கும் உதடுகளும் சூழ நிற்கும் இடத்தில், கொழுப்பு என்பது சந்தையிற் கிடைக்கும் கொழுப்பென்று கொள்வதற்கே தனி நியாயம் வேண்டும். சங்கீதத்தின் தலைப்பு யூதாவின் வனாந்தரத்தைக் குறிப்பதால் ஆலயப் பேச்சு பொருந்தாது என்பார்க்கு, தலைப்புகள் பிற்காலத்தார் இட்டவை என்று பெரும்பாலோர் கொள்வதை நினைப்பூட்டுவதே போதும். வனாந்தரத்திலிருந்து ஆலயத்தை நினைப்பதற்கும் தடையொன்றுமில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அமெரிக்காவிலிருந்து 1816இல் தெல்லிப்பழைக்கு வந்து இறங்கிய மிஷனரிமாருக்கும் அவர் வழிவந்தோருக்கும், தேவனுடைய உணவு என்பதோ, அதை மனிதர் உண்ணலாகாது என்பதோ, வீட்டிலும் வீதியிலும் பழகிய விஷயமன்று. அவர்கள் மேசையில் கொழுப்பு சுவைமிக்க ஓர் உணவு, அவ்வளவே. அவர்கள் அறுபத்துமூன்றாஞ் சங்கீதத்தைச் செல்வர் விருந்தாக வாசித்ததில் வியப்பில்லை. ஆனால் அச்சங்கீதத்தைத் தமிழில் வாசித்த சைவ மாணாக்கனோ, சிவநிர்மாலியம், அதாவது சிவனுக்குப் படைத்துக் கழிந்தது, சண்டேசுரருக்கு உரியது, அதை மற்றோர் கொள்ளலாகாது என்ற விதியோடு வளர்ந்தவன். கோயிலில் சண்டேசுரர் சந்நிதியில் கையைத் தட்டி, தான் ஒன்றும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டும் வழக்கத்தைச் சிறு பிராயத்திலேயே பழகினவன். தேவன் முன் வைத்ததில் தேவனுக்கென்று நின்ற பங்கு ஒன்றுண்டு, அது அச்சத்துக்குரியது என்பது அவனுக்கு உபதேசித்து வரவேண்டிய அறிவன்று.

நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசன நடையில் வெளியிட்டவர். அதாவது, சைவ தூஷண பரிகாரத்துக்கு இரண்டாண்டு முன்னதாகச் சண்டேசுர நாயனார் சரித்திரத்தைத் தம் கையாலே எழுதியவர். மணலைக் கூட்டி இலிங்கமாக்கிப் பசுவின் பாலைச் சொரிந்து வழிபட்ட சிறுவன், பாற்குடத்தை இடறிய தந்தையின் காலைத் துணித்தபின், இறைவன் அவனுக்கு அளித்த பதவி யாது? தாம் உண்ட பரிகலமும், உடுத்ததும், சூடியதும் அவனுக்கே ஆகும்படி அருளியதே. பிறர்க்கு விலக்கப்பட்ட தேவ பங்கு ஓர் அடியாருக்கு உரித்தாவதுதான் அச்சரித்திரத்தின் முடிவு. அறுபத்துமூன்றாஞ் சங்கீதத்தில் ஆத்துமா அடையும் திருப்திக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை விவிலியத்துக்கு வெளியே எனக்குக் கிடைக்கவில்லை. (இறைச்சியை வாயிலிட்டுச் சுவை பார்த்துப் படைத்த கண்ணப்பரை முப்பத்துநான்காஞ் சங்கீதத்தோடு இணைப்பார் சிலர், அது கவர்ச்சியுடையதாயினும், சுவைப்பவன் அங்கே அடியான், இங்கும் அடியான் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.)

நாவலர் தாமே இவ்விணைப்பைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய நூல் தூஷணத்தைப் பரிகரிப்பதோடு நின்றுவிடுகிறது. விவிலியத்தினின்று பக்திச் சுவை எடுத்துக் காட்டுதல் அவர் கருத்தன்று, அப்படிக் காட்டியிருந்தால் அவர் எதிர்த்த கட்சிக்கே அது துணையாகியிருக்கும். ஆயினும் அவர் கைக்கொண்ட முறை, அதாவது சடங்கைச் சடங்காகவே நிறுத்தி, அதைக் கருத்தாகக் கரைத்துவிட உடன்படாத முறை, விவிலியத்தின் உணவுப் பேச்சுக்கு மிஷனரிமாருடைய முறையைவிட நெருங்கியது. அவர் எதிரியின் பிரமாணத்தைக் கையாண்டார் என்பது மெய். அப்பிரமாணம் சொன்னதையே சொன்னார் என்பதும் மெய். ஒருவன் வாதத்துக்காக எடுத்த பிரமாணம் அக்காரணத்தாலேயே பொய்ப் பொருள் படும் என்பது தர்க்கத்துக்கு ஒவ்வாதது.

யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தைக் கொண்டு இதற்கு மாறு கூறுவர். அழியும் போஜனத்துக்காக உழையாதிருங்கள் என்னும் கருத்து அங்கே வெளிப்படையன்றோ என்பர். அவ்வதிகாரத்தின் வரிசையைப் பார்த்தல் போதும். வாற்கோதுமை அப்பம் ஐந்தும் மீன் இரண்டுமாக, ஐயாயிரம் பேர் முதலில் புல்லின்மேல் அமர்ந்து வயிறார உண்டார்கள். மீந்த துணிக்கைகள் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்டன. அதன் பின்னரே ஜீவ அப்பத்தைப் பற்றிய உபதேசம் வருகிறது. மனிதன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்னும் உபாகம வாக்கியமும் மன்னாவினால் நாற்பது வருஷம் போஷிக்கப்பட்ட ஜனத்தை நோக்கியது. பட்டினி கிடப்பவனை நோக்கி அதைச் சொன்னவர் வேதத்தில் ஒருவருமில்லை, பிரசங்க மேடைகளிலே பலர் உளர்.

வயிறு என்ற பேச்சு வந்தபின், நாவலரிடத்தில் நான் இதுவரை காட்டிய ஆதரவுக்கு ஓர் எல்லை கட்ட வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டாஞ் சங்கீதத்தின் பிற்பகுதி, ஆபத்தினின்று தப்பிய ஒருவன் சபையின் நடுவே தன் பொருத்தனைகளைச் செலுத்துவதையும், எளியவர்கள் உண்டு திருப்தியடைவதையும் அடுத்தடுத்துக் கூறுகிறது. இது பொருத்தனைப் பலியின் பந்தி என்று கொள்வதில் அதிகக் கருத்து வேற்றுமை இல்லை. திருப்தி என்பது இங்கே தனி ஆத்துமாவின் உள்ளனுபவத்தோடு நில்லாமல், பந்தியில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியோடு பிணைந்துவிடுகிறது. உபாகமமும் லேவியனையும் பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் பெயர் சொல்லிக் கூட்டி, அவர்கள் உண்டு நிறைய வேண்டும் என்கிறது. அடியாரை உண்பித்தலையே பூசையாகக் கொள்ளும் மகேசுர பூசை நம் நாட்டில் நெடுங்காலம் நடந்து வருவதாதலின், இதையும் சைவ மாணாக்கன் எளிதில் உணர்ந்திருப்பான். ஆனால் உணர்ந்திருப்பது ஒரு பாதி மாத்திரமே. போசன பந்திக்குத் தகுதியுடையோரைக் கூறும் இடத்தில் நாவலருடைய சைவ வினாவிடை, சிவதீக்ஷையோடும் ஆசாரத்தோடும் சமசாதியராயிருத்தலையும் நிபந்தனையாக வைக்கிறது. சடங்கைக் கருத்தாகக் கரைக்க மறுத்தவர், சடங்கின் எல்லைக்கோட்டையும் கரைக்க மறுத்தார்.

மிஷனரிமார் நிலையோ இதற்கு நேர்மாறான விசித்திரம். பிரசங்கத்திலே உணவைச் சாயலென்று சொன்னவர்கள், நடைமுறையிலே உணவே சாதியின் உயிர்நிலை என்று நன்கறிந்திருந்தார்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மதுரை மிஷனரிமார் 1847இல், சாதியை விட்டதற்குச் சாட்சியாக எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்ண வேண்டுமென்று சபையாருக்கு விதித்தனர். பந்தியில் அவர்கள் செய்தது, மேடையில் அவர்கள் சொன்னதைவிட இருபத்திரண்டாஞ் சங்கீதத்துக்கு நெருங்கியது. கட்டாயத்தால் செய்வித்தார்கள் என்ற குறையை மறுப்பதற்கில்லை. நூற்றாண்டு ஒன்று ஏறக்குறையச் சென்றபின்னும், 1930ஆம் ஆண்டளவில் பாடசாலைகளிற் சமாசனமும் சமபோசனமும் கட்டளையாக வந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பை நினைப்பவர்க்கு, ஆத்துமாவின் போஜனத்தையும் சரீர போஜனத்தையும் அவ்வளவு இலேசாகப் பிரித்து வைத்த பிரசங்க மரபு எதைக் கண்டும் காணாமல் விட்டதென்பது விளங்கும்.

நாவலர் பிற்காலத்தில், 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, கஞ்சித்தொட்டி நடத்திப் பலரைக் காத்தார் என்பதை இவ்விடத்தில் எடுத்துக்காட்டி, அவர் எளியவரை உண்பித்தவரன்றோ என்று கேட்பர். உண்பித்தார், அது பெருந்தருமம். ஆனால் ஏந்திய பாத்திரத்தில் கஞ்சி வார்த்தல் வேறு, தன் பந்தியில் அருகே இருத்தி இலை போடுதல் வேறு. சங்கீதம் பேசுவது பின்னதை.

இன்னும் ஓர் ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது; கேட்பதற்குச் சிறிதாயினும் அதுவே கடைசியில் பெரிதாகிறது. புலால் மறுத்தலை வற்புறுத்தி, கோயில்களில் உயிர்ப்பலியைக் கடிந்து ஒழிக்க முயன்ற நாவலர் மரபில் வந்த வாசகன், நிணத்தையும் கொழுப்பையும் கேட்டவுடன் அருவருப்படைவானேயன்றித் திருப்தியை எங்ஙனம் உணர்வான்? இதற்கு லேவியராகமத்திலேயே விடையில் பாதி உண்டு. ஐந்தாம் அதிகாரத்தில், ஆட்டுக்கு வகையில்லாதவன் இரண்டு புறாக்களையும், அதற்கும் வகையில்லாதவன் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவையும் பாவ நிவாரணத்துக்காகக் கொண்டுவரலாம். எண்ணெயும் தூபவர்க்கமும் அதிற் சேர்க்கலாகாது. ஆசாரியன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தகனிப்பான். அக்கைப்பிடி மாவே அங்கே கர்த்தருடைய பங்கு. கொழுப்பின் இடத்தில் மாவும் நிற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் மற்றப் பாதி அவ்வளவு இனியதன்று. எஞ்சிய மா முழுவதும் ஆசாரியனுக்கு. கொண்டுவந்தவனுக்கு அதில் ஒரு துகளும் இல்லை. பாவ நிவாரண பலியில் கொண்டுவந்தவன் எவனுக்கும் பங்கில்லை என்பது உண்மையே, ஆனால் ஆடுடையவன் பிறிதொரு நாள் சமாதானபலியிட்டுத் தன் வீட்டாரோடு சந்நிதியில் உண்ணலாம். மாவை மாத்திரம் உடையவனுக்கு அந்தப் பந்தி தன் கையால் ஒருபோதும் வாய்க்காது, ஏனெனில் ஆராதிக்கிறவன் உண்ணும் பலி எதுவும் மாவால் மட்டும் ஆவதில்லை. இருபத்திரண்டாஞ் சங்கீதத்தில் எளியவன் உண்டு நிறைகிறான் என்றால், பொருத்தனை செலுத்தியவன் அவனை அழைத்து உட்காரவைத்திருக்கிறான் என்பதல்லாமல் வேறு வழியில்லை.